அட்டை வயது

களைத்துப் போச்சா என்று கேட்டால் அக்கா வாயால் பதில் சொல்லமாட்டார். இடது கையைத் திருப்பி, மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். கறுப்புக் கைக்கடிகாரத்தில் ஒரு எண் மின்னிக்கொண்டிருக்கும். நூற்று நாற்பத்தெட்டு. நூற்று ஐம்பத்து மூன்று. "பாரு கிராணி, இன்னும் பாக்கி இருக்கு," என்பார். உதடு வெளுத்திருக்கும், மூச்சு விசில் அடிக்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஆனால் எண் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன? மறுபடி ஓட ஆரம்பித்துவிடுவார்.

நான் கிராணி இல்லை. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறவள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வருகிறவர்களின் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் வாங்கி, அதில் உள்ளதைக் கணினியில் தட்டுவதுதான் இருபத்தெட்டு வருடமாக என் பிழைப்பு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிற யாராக இருந்தாலும் கிராணிதான். அறிமுகமான அன்றைக்கே அந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பின் நடுவில் ஒரு திடல் இருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டது, நட என்று டாக்டர் விரட்டியதால் சாயங்காலம் அங்கே போய்ச் சுற்ற ஆரம்பித்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். கையுறை தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய் வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு, தேவாலயத்துக் குடும்ப விழாவில் கொடுத்த மஞ்சள் டீ-சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். நரைத்த தலை. பருத்த விரல் மூட்டுகள். பார்த்ததும் என் வாயில் வந்தது அக்கா என்பதுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, அடடா, இவ்வளவு சாதாரணமான சொல்லுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

அக்காவுக்குத் தன் உடம்பிடம் கேட்கிற பழக்கமே கிடையாது. பசிக்கிறதா என்றால், "மணி என்ன?" என்பார். நெற்றி இப்படிச் சுடுகிறதே என்று நான் பதறினால், "இரு, அளவு பாத்துட்டுச் சொல்றேன்," என்று தெர்மாமீட்டரைத் தேடுவார். ஒருமுறை தொழிற்சாலையில் அவர் கால் பெருவிரல்மேல் தள்ளுவண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. வலிக்கிறதா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "எக்ஸ்ரே எடுத்தாத்தானே தெரியும்," என்றாராம். எலும்பு முறிந்திருந்தது. படத்தில் காட்டியபிறகுதான் நொண்டவே ஆரம்பித்தார் என்று அவரோடு பஸ்ஸில் வருகிற பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தது அவருடைய மகள். ஒரே மகள், பினாங்கில் வேலை. அக்காவின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. அம்மாவின் ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஆசையாக அனுப்பியிருந்தாள். அக்கா அதைப் பெட்டியோடு திடலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, "கிராணி, இது என்னமோ கேள்வி மேல கேள்வி கேக்குது. நீயே பதில் சொல்லு," என்றார். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவர் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். பெயர், உயரம், எடை. அடுத்தது பிறந்த தேதி.

"வயசெல்லாம் எதுக்குக் கேக்குது?"

"வயசை வச்சுத்தான் உங்க நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்கலாம்னு கணக்குப் போடும்க்கா. இருநூத்தி இருபதுலேருந்து வயசைக் கழிக்கணும். அம்பத்தஞ்சு போனா நூத்தி அறுபத்தஞ்சு. அதுதான் எல்லை."

அக்கா திடலில் பையன்கள் பந்து உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வயசு தப்பா இருந்துச்சுன்னா?"

"தப்பா எப்படி இருக்கும்? ஐசியைக் குடுங்க."

பையிலிருந்து எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று, அதற்கு மேல் இன்னொரு உறை. அப்படிப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அடையாள அட்டையை நான் பார்த்ததில்லை. நம் அட்டையில் முதல் ஆறு எண்ணே பிறந்த தேதிதானே. பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா! நீங்க எனக்கு ரெண்டு வருசம் சின்னவங்க! நான்தான் மூத்தவ. இனிமே நீங்கதான் என்னை அக்கான்னு கூப்பிடணும்!"

சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் செத்துப் போயிற்று. அட்டையை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். பிறகு தானே சங்கடப்பட்டு, மெதுவாக, "ஐசில உள்ளதே போடு," என்றார். "நீ மட்டும் அக்கான்னே கூப்பிடு. பழகிப் போச்சு லா."

போட்டேன். அந்தத் தேதியை அப்படியே தட்டினேன். அவர் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டவளும் நான்தான்.

அதுவரை நடந்துகொண்டிருந்தவர் அன்றிலிருந்து வேகம் கூட்டினார். எல்லைக்குக் கீழே இருக்கும்வரை போகலாம் என்று அவர் புரிந்துகொண்டார். எல்லை என்றால் எட்ட வேண்டிய இடம் இல்லை, அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக்கூடாத இடம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே.

ஒரு மாதம் கழிந்திருக்கும். கைப்பேசியில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, என்னவென்று பார் என்று நீட்டினார். அவர் நடையையும் துடிப்பையும் ஒரு மாதம் கவனித்துவிட்டு, உடற்தகுதி வயது என்று அது ஒரு எண் போட்டிருந்தது. உங்கள் உடம்பு எந்த வயதுக்காரருடைய உடம்பைப்போல் இருக்கிறது என்பதற்கான கணிப்பு.

"அறுபத்தொண்ணாம்!" என்று நான் சிரித்தேன். "பாத்தீங்களா, நான் அக்கான்னு கூப்பிட்டது சரிதான். கெழவின்னு சொல்லுது உங்களை."

அக்கா கடிகாரத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். "இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் வந்து, "இதக் கொறைக்க முடியுமா?" என்றார். பயிற்சி செய்யச் செய்யக் குறையும் என்று எங்கோ படித்ததைச் சொல்லி வைத்தேன். "அம்பத்தஞ்சுக்கு வருமா?" வரலாம்க்கா என்றேன். சும்மா சொல்லி வைத்த வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டார் மனுஷி. அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உடம்பின் வயது அட்டை வயதுக்கு வந்தாகவேண்டும். அதற்காகத்தான் அத்தனை ஓட்டமும்.

அக்கா ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்பவர். 'அருள் நிறைந்த மரியே' என்று அவர் ஆரம்பித்து முதல் பாதியைச் சொல்வார். இரண்டாம் பாதியை இன்னொருவர் சொல்லவேண்டும். நான் சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் தினமும் காதில் விழுந்து விழுந்து அந்த இரண்டாம் பாதி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் முடிக்கிற இடத்தில் நான் எடுப்பேன். திடலை ஐந்து சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்துவிடும். நடந்த காலத்தில் அவருடைய பாதி ஒரே மூச்சில் வரும். ஓட ஆரம்பித்தபிறகு நடுவில் ஒரு மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு. பிறகு முதல் மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு மீதியை நீ சொல் என்று கையைக் காட்டுவார். நெஞ்சைத் தேய்த்துக்கொள்வார். கேட்டால், "காத்து," என்பார். வாயுவுக்கு ஒரு சின்னத் தைலப் புட்டி எப்போதும் பையில் இருக்கும். ஓடும்போது பேசமுடியாமல் போவது உடம்பு போடுகிற கூச்சல் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது நான் இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று, "கோலா கெத்தில் வரைக்கும் வர்றியா? தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு," என்றார். என் காரில் போனோம். அவர் பிறந்த தோட்டம் அங்கே. ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. செம்பனைக்கு நடுவே பத்துப் பதினைந்து கல்லறைகள் புல்லில் புதைந்து கிடந்தன. அக்கா அரிவாள் கொண்டுவந்திருந்தார். அப்பா அம்மா கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றினார். பிறகு ஓரத்தில் முழ நீளத்துக்கு இருந்த ஒரு மண்மேட்டுக்குப் போனார். துருப்பிடித்த இரும்புச் சிலுவை. பெயர் இல்லை. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

"இது யாருக்கா?"

"இதுதான் என் ஐசி," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். அக்கா பிறந்தது லயத்து வீட்டில். அப்பா பதியவில்லை. ஆறு வருடம் கழித்துப் பிறந்த தங்கை பிரசவத்தில் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவளுக்குப் பத்திரம் கிடைத்தது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அதையும் அப்பா எங்கும் பதியவில்லை. இந்தக் குழியை வெட்டிப் புதைத்தார்கள், அவ்வளவுதான். பல வருடம் கழித்து அக்காவுக்கு அடையாள அட்டை எடுக்கவேண்டி வந்தபோது காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. தங்கையின் பத்திரம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது.

"பதினெட்டு வயசு எனக்கு. ஆபீஸ்ல கேட்டா பன்னெண்டுன்னு சொல்லு, பன்னெண்டுன்னு சொல்லுன்னு அப்பா வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போனாரு. நல்லவேளை, நான் சோறு தண்ணி இல்லாம வத்தலாத்தான் இருந்தேன், நம்பிட்டாங்க. திரும்பி வந்த அன்னைக்கே இந்தச் சிலுவையில இருந்த பேர் பலகையை அப்பா புடுங்கிட்டாரு. பேர் ஒரு எடத்துலதானே இருக்கணும்."

அதன்பிறகு எல்லாமே அட்டைப்படிதான். அட்டையில் பதினாறு ஆகும்வரை காத்திருந்து, நிஜத்தில் இருபத்திரண்டில் தொழிற்சாலைக்குப் போனார். எழுத்துப் பொடியாகத் தெரிய ஆரம்பித்தபோது கண்ணாடிக் கடைக்காரர் இவ்வளவு சீக்கிரமாகவா என்றார். மாதவிலக்கு நின்றபோதும் கிளினிக் தாதி அதையேதான் கேட்டார். அவருக்கு எல்லாமே ஆறு வருடம் முன்கூட்டி வந்துகொண்டிருந்தது. அறுபதில் ஓய்வு என்றால் அவருக்கு அது அறுபத்தாறு. உடம்பு ஒன்று சொல்ல, அட்டை ஒன்று சொல்ல, உடம்பு சொல்வதை வெளியே சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார் இந்த மனுஷி. தெர்மாமீட்டரையும் எக்ஸ்ரேயையும் நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாப்பா பேச ஆரம்பிக்கறதுக்குள்ள போயிருச்சு கிராணி. என்னை ஒரு வாட்டிகூட அக்கான்னு கூப்பிட்டதில்ல," என்றார். மெழுகுவத்தியை இரும்புச் சிலுவையடியில் நட்டார். "என் பேரு என்னன்னு கேக்க மாட்டியா?"

கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அட்டையில் உள்ள பெயரையும் எழுதமாட்டேன், அது அந்தக் குழந்தையுடையது.

காருக்குள் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கணக்குதான். "அக்கா, அப்ப உங்களுக்கு அறுபத்தொண்ணு! எல்லை நூத்தி அறுபத்தஞ்சு இல்ல, நூத்தி அம்பத்தொம்பது! ஃபோனைக் குடுங்க, இப்பவே மாத்திடறேன்."

"வேணாம்."

"கடிகாரத்துக்குக்கூடவா பொய் சொல்லணும்? யார் வந்து கேக்கப் போறா?"

"மகளோட ஃபோன்லயும் இது தெரியும். தேதி ஏன் மாறிச்சும்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார். "என் ஐசி பொய்யின்னு ஆயிட்டா என் கல்யாண சூராட், அந்தப் பத்திரமே பொய்யி. அவளோட பொறப்பு சூராட்டும் பொய்யி. அவ ஐசியைப் புடுங்கிட்டு, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற சிவப்பு ஐசியைக் குடுத்துட்டாங்கன்னா? நீ ஆபீஸ்ல இருக்கிறவ, உனக்குத் தெரியாதா?"

தெரியும். பத்திரம் சரியில்லாததால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கமுடியாமல் என் மேசைக்கு முன்னால் நின்று அழுத தாய்மார்களை எனக்குத் தெரியும். அதனால் ஃபோனைக் கேட்காமல் காரைக் கிளப்பினேன்.

"அதோட, அது ஒண்ணுதான் கண்டுபிடிச்சுருச்சு," என்றார் அக்கா, கடிகாரத்தைத் தடவிக்கொண்டே. "அத அம்பத்தஞ்சுக்குக் கொண்டாந்துட்டேன்னா பொய்யில்லைதானே? உடம்பே அந்த வயசாயிருச்சுன்னா அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?"

அடக் கடவுளே, இப்படியும் ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

ஜனவரியில் காற்று என்பதெல்லாம் போய்த் தாடை வலிக்க ஆரம்பித்தது. பல் என்றார். பல் டாக்டரிடம் போனார், பல்லில் ஒன்றுமில்லை. நான் சண்டை போட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சுங்கை பட்டாணியில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டைமேல் நிறுத்தி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் இதயம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கிற சோதனை. துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் அங்கே தாதி.

"வயசு என்ன ஆன்ட்டி?"

அக்கா என்னைப் பார்த்தார். என் வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பள்ளியில் ஹெட்மாஸ்டரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். அந்த நீள வாய் அன்றைக்கு எங்கே போனதோ. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்பத்தஞ்சு," என்றார் அக்கா.

"அப்ப நூத்தி நாப்பது வரைக்கும் கொண்டுபோய்ப் பாப்போம். ஆனா நம்பர் முக்கியமில்ல ஆன்ட்டி. நெஞ்சு இறுகுதா, தாடை வலிக்குதா, கை மரத்துப் போகுதா, தலை சுத்துதா, உடனே சொல்லுங்க. நிப்பாட்டிடலாம். சரியா?"

சரி என்று தலையாட்டினார். பட்டை ஓட ஆரம்பித்தது. நூற்றுப் பத்து. நூற்றிருபது. தாதி இரண்டு முறை, "வலி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று கையாட்டினார். நூற்று முப்பதில் அவர் இடது கை தன்னால் உயர்ந்து தாடையைத் தொட்டுவிட்டு இறங்கியது. நான் பார்த்தேன். தாதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பது. நிறுத்தினாள். இறங்கும்போது அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "எட்டிட்டேன்ல?" என்றார் காதோரமாக.

கோடுகளைப் பார்த்த டாக்டருக்குத் திருப்தி இல்லை. சந்தேகமாக இருக்கிறது, இரத்தக் குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று ஏப்ரலில் ஒரு தேதி கொடுத்தார். ஒரு மாத்திரை எழுதினார். அதுவரை ஓடவே கூடாது, பேசிக்கொண்டே நடக்கமுடிகிற வேகம் போதும், வலித்தால் உட்கார்ந்துவிட வேண்டும், அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது அக்கா கேட்ட கேள்வி இதுதான். "பேச முடியற வேகம்னா எவ்வளவு கிராணி? நூத்திப் பத்தா, நூத்தியிருபதா? டாக்டரு நம்பரே சொல்லலையே."

இரண்டு வாரம் நடந்தார். பேசினார். ஜெபமாலையின் முதல் பாதியை முழுதாகச் சொன்னார். அதற்குள் அந்த மாத்திரை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முன்பு நூற்று முப்பது காட்டிய வேகத்துக்கு இப்போது நூற்று ஐந்துதான் காட்டியது. "பாத்தியா, நெஞ்சு பலமாயிருச்சு," என்று பூரித்துப் போனார். கடிகாரமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டதுபோல. அறுபத்தொன்று என்றிருந்த உடற்தகுதி வயது அறுபது ஆயிற்று, ஐம்பத்தொன்பது ஆயிற்று. ஒருநாள் திடலின் அந்தக் கோடியிலிருந்து கையை உயர்த்திக்கொண்டு வந்தார். "அம்பத்தேழு! இன்னும் ரெண்டுதான்!" நானும் கைதட்டினேன். வெட்கக்கேடு, கைதட்டினேன். ஆளுக்கு ஓர் இளநீர் வாங்கிக் குடித்தோம். அவர் மறுபடி ஓட ஆரம்பித்தது மறுநாள்.

ஓடாதீங்க என்று கத்தினேன். ஏப்ரல் வரைக்கும் பொறுக்கமுடியாதா, மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொல்லு. எல்லாத்தையும் சேத்துச் சொல்லு," என்றார். ஓடுவதைச் சொன்னால் ஏன் ஓடுகிறார் என்பதையும் சொல்லவேண்டும். என்னால் முடியவில்லை. முடிந்திருக்கும், நான் செய்யவில்லை. அதுதான் உண்மை.

மார்ச்சில் கெடாவில் அடிக்கிற வெயில் சாயங்காலமானாலும் தரையை விட்டுப் போகாது. அன்றைக்குத் திடலில் புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. மூன்றாவது சுற்றில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஓடிப்போனேன். முகம் சாம்பல். வியர்வை சில்லென்றிருந்தது.

"உக்காருங்கக்கா. போதும். கும்பிடறேன், உக்காருங்க."

பேசமுடியவில்லை அவரால். மணிக்கட்டைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நூற்றுப் பதினெட்டு. எல்லைக்கு எவ்வளவோ கீழே. "பாக்கி..." என்றார். கம்பத்தை விட்டுவிட்டு நாலைந்து அடி வைத்தார். அப்படியே மண்டியிட்டுச் சாய்ந்தார். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஓடிவந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அந்த ஜெபத்தின் இரண்டு பாதியையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபிறகு, இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். கடிகாரத்தைக் காட்டினேன். நூற்றுப் பதினெட்டுதானே காட்டியது என்று சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்த மாத்திரை இதயத்தை வேகமா அடிக்க விடாது. அதனால நம்பர் ஏறாது. ஏறலைங்கறதால நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. அதுதான் ஓடக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"கடிகாரத்துல வயசு ஆறு வருசம் தப்பாப் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"ஆறு துடிப்புதானே மாறும். அந்தக் கணக்கே குத்துமதிப்புதான். அதால ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார்.

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறு துடிப்பில் ஒன்றுமில்லைதான். அந்த ஆறு வருடத்தில்தான் எல்லாமும் இருந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அடக்கம் முடிந்து நாற்பது நாள் இருக்கும். மகள் என் வீட்டுக்கு வந்தாள். கல்லறைக்குக் கல் வைக்கப் போகிறார்களாம். "நீங்க ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கிறவங்க ஆன்ட்டி. எழுத்துப்பிழை இல்லாம எழுதிக் குடுங்க," என்று வெள்ளைத்தாளையும் அம்மாவின் அடையாள அட்டையையும் மேசைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று, அதற்கு மேல் இன்னொரு உறை.

அட்டையைப் பார்த்து எழுதுவது எனக்குப் புதிதா என்ன? பெயரை எழுதினேன். பிறந்த தேதியை எழுதினேன். அந்தத் தேதியை நான் எழுதுவது அது இரண்டாவது தடவை. கோலா கெத்திலில் செம்பனைக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு ஆணியும் கண்முன்னே வந்தது. சொல்லிவிடலாமா என்று தொண்டைவரை வந்தது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் கல்யாணப் பதிவு, எல்லாப் பத்திரமும் அம்மாவின் அட்டைப் பெயரில். விழுங்கிக்கொண்டேன். கடைசி வரியில் 'அன்பான அம்மா, அன்பான அக்கா' என்று எழுதித் தாளை நீட்டினேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையே ஆன்ட்டி. ஒரே பிள்ளைன்னுதானே சொல்வாங்க. அக்கான்னு யாருக்கு?"

"நான் கூப்பிட்டேனே."

அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா நீங்கதானே அம்மாவை விட மூத்தவங்க?"

"இருக்கட்டும்மா," என்றேன். "அக்கான்னே போடு."